தேரடியில் ஓர் உலோக முட்டுக்கட்டை: மெட்ரோ நிலையத்துக்கு அரூபச் சிற்பம் வடிவமைக்கும் முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெரு எதிலாவது நுழைந்து ஜன்னல் கம்பிகளைப் பாருங்கள். மேற்குப் பக்கக் கம்பியில் பெயின்ட் இன்னும் பளபளப்பாக இருக்கும். கிழக்குப் பக்கக் கம்பி செதில் செதிலாக உரிந்திருக்கும்; சுண்டினால் பொடி உதிரும். வடசென்னையில் பொது இடத்துக்கு உலோகச் சிற்பம் செய்யப்போகிறவர் பென்சிலைத் தொடுவதற்கு முன் அந்தக் கம்பியை ஒரு முறை சுண்டிப் பார்த்துவிட வேண்டும். நான் சுண்டிப் பார்க்காமல் தொழிலில் இறங்கியவன். அதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்காட்டாகத் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்தை எடுத்துக்கொள்கிறேன். யாரும் எனக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. முழுக்க முழுக்க என் பயிற்சிதான். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான சுமார் 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தேரடி நிலையம் மறு ஆண்டு மார்ச்சில் சேர்ந்துகொண்டது. தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் பாதை தரைக்கு மேலே ஏறிவிடுவதால் தேரடி மேம்பால நிலையம். கடல் நடக்கும் தூரம்தான். கிழக்கே உப்பு, மேற்கே மணலி ஆலைகளின் புகை. உலோகத்துக்கு இதைவிடக் கடுமையான முகவரி சென்னையில் அதிகம் கிடையாது.

முதல் படி: அங்கே போய் நிற்பது

ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு, ஒரு விசேஷ நாள், முடிந்தால் ஒரு மழை நாள். காலை எட்டிலிருந்து ஒன்பதரை, மாலை ஆறிலிருந்து எட்டு. நிலைய வாசலின் தரைப்படத்தைத் தோராயமாக வரைந்துகொண்டு, வருகிற ஒவ்வொருவரும் நடந்த வழியை ஒரு கோடாகப் போடுங்கள். அரை மணி நேரத்தில் தாளில் சில இடங்கள் கறுத்துவிடும். சில இடங்கள் வெள்ளையாகவே மிஞ்சும். ஆற்று நடுவே மணல்திட்டு ஒதுங்குவதைப் போல, கூட்டம் தானாக விலகிப்போகும் அந்த வெள்ளைத் திட்டுதான் சிற்பத்தின் இடம்.

ஆனால் வெள்ளை இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. முன்பு ஒரு வேலைக்காக வேறொரு ரயில் நிலைய வாசலில் இப்படிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா, "என்ன தம்பி, மக்கள்தொகைக் கணக்கா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கை நார் முடிவதை நிறுத்தவில்லை. "அந்தத் தூண் பக்கம் வேண்டாம். மழை வந்தால் எல்லாரும் அங்கேதான் ஒதுங்குவார்கள்" என்றார். என் தாளில் அந்த இடம் துடைத்து வைத்ததைப் போல வெள்ளையாக இருந்தது, நான் போன மூன்று நாளும் வெயில் அடித்ததால். சிற்பத்தை நாலடி தள்ளினேன். மழை நாளைப் பட்டியலில் சேர்த்தது அதற்குப் பிறகுதான்.

விலக்க வேண்டிய இடங்களில் விவாதமே இல்லை: அவசர வெளியேற்றப் பாதை, லிஃப்ட் வாசல், டிக்கெட் வரிசை, பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் தடம். தடத்தை மறைக்காவிட்டாலும், அதன் மேல் சாய்ந்து நீளும் பகுதி ஆபத்து. கைத்தடி தரையைத் தடவி வரும். முழங்காலுக்கு மேலே, தலைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை அது கண்டுபிடிக்காது, நெற்றிதான் கண்டுபிடிக்கும். 2.1 மீட்டருக்குக் கீழே வெளியே சாய்கிற எந்த வடிவத்துக்கும் நேர் கீழே தரையில் ஏதாவது தட்டுப்பட வேண்டும்.

மேம்பால நிலையத்தில் இன்னொன்று உண்டு. பிளாட்பாரத்திலிருந்தும் ரயில் ஜன்னலிலிருந்தும் மக்கள் சிற்பத்தின் உச்சந்தலையைப் பார்க்கிறார்கள். தரையில் நின்று மட்டும் யோசித்தவர்களின் சிற்பங்களை மேலிருந்து பார்த்தால் காக்கை எச்சமும் தேங்கிய நீரும்தான் தெரியும். உச்சியும் ஒரு முகம் என்று முதல் நாளே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கரு

வடசென்னை என்றதும் மீன், படகு, அலை, வலை, குத்துச்சண்டைக் கையுறை. யாரிடம் கேட்டாலும் முதல் ஐந்து நிமிடத்தில் வருவது இதுதான். இவற்றை வளைத்து நெளித்து "அரூபம்" என்று பெயர் வைத்தால், அது அடையாளம் தெரியாத மீனாக முடியும், அவ்வளவே. மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை உருவத்தை உருவமாகவே காட்டுகிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை. அரூபம் என்று இறங்கிவிட்டால் பொருளை விட்டுவிட்டு, பொருள் செய்கிற காரியத்தைப் பிடிக்க வேண்டும். படகு வேண்டாம், மணலில் படகைத் தள்ளும்போது உடல் சாயும் கோணம் வேண்டும்.

நம் ஊரிலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமத்தோடு சேர்த்துப் பேசப்படும் பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து உருவேற்றி, அதன் மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கோடுகளாக்கினார். எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் இணைத்துக் கொடிமரம் போல எழுப்பினார். தகட்டோடு பேசுவது எப்படி என்று இவர்களிடம் கற்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் நான் விலகுகிறேன். இவர்களுடைய வேலை பெரும்பாலும் முன்முகம் கொண்டது, சன்னிதியைப் போல எதிரே நின்று பார்ப்பது. நிலைய வாசலில் யாரும் எதிரே நிற்பதில்லை. பக்கவாட்டில், பின்னாலிருந்து, ஓடிக்கொண்டே, மேலிருந்து பார்க்கிறார்கள்.

தேரடிக்கு நான் எடுத்துக்கொண்ட கரு முட்டுக்கட்டை. திருவொற்றியூர்க் கோயிலின் மாசிப் பெருவிழாவில் தேர் ஓடும்போது எல்லோர் கண்ணும் வடத்தின் மேலும் கலசத்தின் மேலும்தான். சக்கரத்தோடு குனிந்தபடி ஓடுகிற சில ஆட்களைக் கவனியுங்கள். கையில் சரிவாகச் செதுக்கிய கனத்த மரக்கட்டை. அதைச் சக்கரத்தின் முன் சரியான நொடியில் செருகினால் தேர் வேகம் குறைகிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்தால் தேர் திரும்புகிறது. அத்தனை பெரிய எடையை அந்தச் சின்ன ஆப்பு நிறுத்தியும் திருப்பியும் விடுகிறது. தேர் வந்து நிற்கும் இடம் தேரடி. ரயில் வந்து நிற்கும் இடம் நிலையம். நிறுத்துவதும் திருப்புவதும்தான் கரு. தேர் எங்கும் தெரியாது, சக்கரமும் தெரியாது. மூன்று ஆப்புகள், ஒன்றன் சரிவில் மற்றொன்று ஏறி நின்றதைப் போல, ஒவ்வொன்றும் சற்றே திரும்பி.

தலைப்பு விஷயத்தில் எச்சரிக்கை: "முட்டுக்கட்டை" என்று விண்ணப்பத்தில் எழுதினால் அதிகாரி சிரிப்பார் அல்லது கோபிப்பார். "நிலை" என்று வைத்துக்கொள்ளலாம். தேர் நிலைக்கு வந்தது என்றுதானே சொல்கிறோம்.

மூன்றாம் படி: உப்புக்குத் தாங்கும் உலோகம்

வடிவத்தைச் செப்பனிடுவதற்கு முன்பே உலோகத்தை முடிவு செய்ய வேண்டும். எந்த உலோகமோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு வளையும், எங்கே மடியும், எங்கே தண்ணீர் நிற்கலாம் என்பதெல்லாம்.

சாதாரண இரும்புத் தகடு மலிவு, வெல்டிங் எளிது. மணல் பீய்ச்சி நன்றாகச் சுத்தம் செய்து, துத்தநாகம் மிகுந்த பிரைமர், எபாக்சி, அதன் மேல் பாலியூரித்தேன் பெயின்ட் என்று மூன்று அடுக்கு கொடுத்தால் சில ஆண்டு தாங்கும். ஆனால் நிலைய வாசலில் சாவியால் கிறுக்குவார்கள், சைக்கிளைச் சாய்ப்பார்கள். கீறல் விழுந்த இடத்தில் உப்பு நுழையும். பெயின்டுக்கு அடியில் துரு ஊர்ந்துபோய்க் கொப்பளிக்கும். தண்டையார்பேட்டை போன்ற நிலத்தடி நிலையத்தின் உள்ளே என்றால் இரும்பை யோசிப்பேன். அங்கே உப்பைவிடத் தளம் தாங்கும் எடைதான் கேள்வி.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுக் கார்டென் எஃகு வேண்டும் என்று வருபவர்கள் உண்டு. அந்த எஃகின் மேலே படியும் துருவே அதற்குக் கவசம் என்பது உண்மை. அந்தக் கவசம் இறுக வேண்டுமானால் மாறி மாறி நனைந்து காய வேண்டும், உப்பு வராமல் இருக்க வேண்டும். நம் கடற்கரையில் உப்பிலுள்ள குளோரைடு அந்த அடுக்கை இறுக விடுவதில்லை. துரு தின்றுகொண்டே போகும். போதாததற்கு மழையில் வழிந்து வாசல் கிரானைட்டில் காவிக் கறை போடும். திருவொற்றியூரில் வேண்டவே வேண்டாம்.

செம்பும் பித்தளையும் கடல்காற்றில் அழகாக முதிரும். ஆனால் பழைய இரும்புக் கடையில் அவற்றுக்குக் கிடைக்கும் விலையை நினைத்தால், ஆள் நடமாட்டம் இல்லாத இரவில் எனக்குத் தூக்கம் வராது.

மிஞ்சுவது துருப்பிடிக்காத எஃகு, வீட்டில் எவர்சில்வர் என்கிறோமே அதன் உறவுக்காரர். எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. பாத்திரத்துக்கும் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் வருவது பெரும்பாலும் 202 அல்லது 304. கடற்கரைக்கு வேண்டியது 316எல். 304-இல் இல்லாத மாலிப்டினம் இதில் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது. குளோரைடு போடும் புள்ளிக் குழிகளை அதுதான் தடுக்கிறது. எல் என்ற எழுத்து கார்பன் குறைவு என்பதற்கு. வெல்டிங் செய்த ஓரம் பிறகு அரிக்காமல் இருக்க அது தேவை. சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலும் மண்ணடியிலும் கேட்டு அலையலாம். வாங்கும்போது ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கிலிருந்து வந்த தகடு என்று காட்டும் எண்) தகட்டில் அச்சிட்ட எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, அசல்தான்" என்பது வெறும் சமாதானம், 202-லும்தான் ஒட்டாது. மாலிப்டினம் காட்டும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

316-க்கும் தேநீர்க் கறை வரும். பழுப்பாக, டம்ளர் கவிழ்ந்து காய்ந்ததைப் போல. உறுதியைக் குறைக்காது, மானத்தைக் குறைக்கும். அதைத் தவிர்க்க மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பு சராசரி 0.5 மைக்ரானுக்குக் கீழே. அப்படியானால் கண்ணாடி பாலிஷ் போட்டுவிடலாமே என்று தோன்றும். நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடித் தகடு வைத்தால் மாலை வெயில் பஸ் டிரைவரின் கண்ணில் அடிக்கும். உள்குழிந்த வளைவாக இருந்தால் வெயிலைக் குவித்து யார் தோளையாவது சுடும். என் முடிவு: மெல்லிய இழை பாலிஷ், இழைகள் மேலிருந்து கீழாக. குறுக்கு இழையில் உப்பு தங்கும். நெட்டிழையில் மழை கழுவிக்கொண்டு போகும்.

மழை என்றதும் பலர் செய்யும் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. மேம்பாலத்தின் அடியில் வைத்தால் சிற்பத்துக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். உப்புக் காற்று அங்கேயும் வரும். கழுவ மழைதான் வராது. சென்னையில் மழை படாத கூரையடிக் கம்பி முதலில் கெடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முடிந்தவரை சிற்பம் நனையட்டும்.

நான்காம் படி: அட்டை, டின், சவுக்குக் கம்பு

முதலில் பத்துக்கு ஒன்று அளவில் அட்டை மாதிரி. உயரமான ஆப்பு 4.2 மீட்டர் என்றால் மேசையில் 42 சென்டிமீட்டர். பக்கத்தில் 16 சென்டிமீட்டருக்கு ஒரு மனித உருவத்தை வெட்டி நிறுத்துங்கள். அது இல்லாத மாதிரி பொய் சொல்லும். கைப்பேசியை அந்த உருவத்தின் கண் மட்டத்தில் வைத்துச் சுற்றிலும் படம் எடுங்கள். பிறகு நாற்காலி மேல் ஏறி நின்று மேலிருந்தும் எடுங்கள், அது ரயில் பயணியின் பார்வை. என் முதல் மாதிரி மேலிருந்து பார்க்க மூன்று சோப்புக்கட்டிகளைப் போல இருந்தது. ஆப்புகளின் தலையை ஒன்பது டிகிரி சாய்த்த பிறகுதான் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன. தண்ணீரும் வழிந்தோட வழி கிடைத்தது.

அட்டை எப்படி வேண்டுமானாலும் வளையும், தகடு வளையாது. அதனால் இரண்டாவது மாதிரியைப் பிஸ்கட் டின் தகட்டில் செய்யுங்கள். டின் மடங்க மறுக்கிற இடத்தில் ஐந்து மில்லிமீட்டர் தகடும் மறுக்கும். எனக்கு இருந்த இரட்டை வளைவு ஒன்று அங்கேயே செத்தது. ஒற்றை வளைவாக்கினேன், செலவும் இறங்கியது.

மூன்றாவதாக, முழு அளவில் சவுக்குக் கம்பும் தார்ப்பாயும். பந்தல் போடுகிறவர்களிடம் சொன்னால் இரண்டு மணி நேர வேலை. அனுமதி வாங்கி, விடியற்காலையில் அந்த இடத்திலேயே கட்டி நிறுத்திப் பாருங்கள். அட்டையில் கம்பீரமாகத் தெரிந்தது வாசலில் குறுகிப்போகும், அல்லது வழியை அடைத்து நிற்கும். கணினியில் எத்தனை அழகான படம் போட்டாலும் இந்தப் படிக்கு அது ஈடாகாது என்பது என் பிடிவாதம்.

இந்தக் கட்டத்திலேயே கைகளையும் கால்களையும் நினையுங்கள். பிள்ளைகள் ஏறுவார்கள். தரையிலிருந்து 1.8 மீட்டர் வரை கால் வைக்கும் படியாக எதுவும் இருக்கக்கூடாது. இரண்டு ஆப்புகளுக்கு நடுவே உள்ள இடுக்கு 9 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ 23-க்கு அதிகமாகவோ இருக்கட்டும். இடைப்பட்ட அளவில் குழந்தையின் தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும். எல்லா விளிம்பும் உருண்டை. இன்னொரு விஷயம், சற்று நம் ஊருக்கே உரியது: கோயில் தெரு முனையில் செங்குத்தாக, கூம்பி, பளபளவென்று ஒரு பொருளை நிறுத்தினால் ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வந்துவிடும், அடுத்த வாரம் கற்பூரம். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் கற்பூரச் சூடும் கரியும் தகட்டில் போகாத தழும்பை விடும். அதனால் அடியில் தட்டையான விளிம்பு எதுவும் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: எடையும் காற்றும்

இந்தப் படியில் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் ஓர் அங்குலம் நகரக்கூடாது. ஆனாலும் சிற்பிக்குத் தன் சிற்பத்தின் எடை மனக்கணக்காகத் தெரிந்திருக்க வேண்டும்.

316 எஃகு ஒரு கன மீட்டர் சுமார் 8 டன். ஐந்து மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 40 கிலோ. மூன்று ஆப்புகளின் மேற்பரப்பு 22 சதுர மீட்டர் என்றால் தோல் மட்டும் 880 கிலோ. உள்ளே தோலைத் தாங்கும் எஃகுச் சட்டங்கள், அதாவது விலா எலும்புகள், 300 கிலோ. ஆக 1.2 டன் சுமார்.

சென்னைக்கு இந்தியத் தர நிர்ணயம் 875, மூன்றாம் பகுதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் வேரோடு விழுந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் மிகையாகத் தோன்றாது. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. காற்றுக்குக் காட்டும் பரப்பு 6 சதுர மீட்டர் என்றால் 900 கிலோ விசை, சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்துத் தள்ளுகிறது. கவிழ்க்கும் திருப்பம் 1.8 டன்-மீட்டர். வடிவத்துக்கான குணகம், புயல் பாதிக்கும் கடலோரத்துக்கான முக்கியத்துவக் குணகம் எல்லாம் பொறியாளர் சேர்ப்பார். இரு மடங்கு என்று வைத்துக்கொண்டால் 3.6. இரண்டு மீட்டர் சதுரத்தில் 90 சென்டிமீட்டர் ஆழக் கான்கிரீட் 9 டன். கவிழும் ஓரத்திலிருந்து அந்த எடையின் மையம் ஒரு மீட்டர் தள்ளி, அதுதான் நெம்பும் கை. 9 டன்-மீட்டர் பிடித்து நிற்கும். போதும்.

ஆனால் நிலைய வாசலில் 90 சென்டிமீட்டர் தோண்ட விடுவார்களா? அடியில் மின்கேபிள், குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், தூணின் அடித்தளம். ஆழம் கிடைக்காவிட்டால் அகலம் கேளுங்கள்: 2.6 மீட்டர் சதுரம், அரை மீட்டர் ஆழம். எடை சற்றுக் குறைந்தாலும் கை நீண்டுவிடுவதால் பிடி இன்னும் அதிகம்.

பெரிய தட்டைத் தகடு தம்பட்டம் போல ஒலிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். மேலே ரயில் போகும், கீழே பிள்ளைகள் தட்டுவார்கள். விலா எலும்புகளை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, உட்புறம் அதிர்வு தணிக்கும் பூச்சு கொடுப்பதாக வைத்திருக்கிறேன். தட்டினால் 'டங்' என்பது 'தொம்' என்றாகிவிடும்.

ஆறாம் படி: பட்டறை

வரைபடம் தயாரிக்கும்போது சந்தையில் கிடைக்கும் தகட்டு அளவுகளிலிருந்து தொடங்குங்கள்: 1250-க்கு 2500, 1500-க்கு 3000 மில்லிமீட்டர். ஆப்பு வடிவத்துக்கு ஓர் அதிர்ஷ்டம், இரண்டைத் தலைகீழாக வைத்தால் ஒரே தகட்டில் அடங்கும், கழிவு குறையும். மடிக்கும் இயந்திரத்தின் நீளம், லாரி அகலம், பட்டறையிலிருந்து நெடுஞ்சாலைக்கு வரும் தெருவின் திருப்பம் ஆகியவற்றை அளந்து, சிற்பத்தை எத்தனை துண்டாக எடுத்துப்போவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

இனி என் கதை. பல ஆண்டுகளுக்கு முன், கடலோரத்தில் ஒரு தனியார் வளாகத்துக்கு நல்ல 316-இல் ஒரு வேலை செய்தேன். தகட்டில் குறை இல்லை, வெல்டிங்கில் குறை இல்லை. ஐந்தாம் மாதம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் வெல்டிங் கோடுகள் நெடுகப் பழுப்புப் புள்ளிகள், கிரைண்டர் ஓடிய திசையிலேயே வரிசையாக, யாரோ மிளகாய்ப்பொடி தூவியதைப் போல. பட்டறைக்குத் திரும்பி யோசித்தேன். பக்கத்து மேசையில் இரும்பு கேட் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கேட்டைத் தேய்த்த அதே சக்கரத்தைத்தான் என் பையன் எவர்சில்வரில் ஓட்டியிருக்கிறான். இரும்புத் துகள் தகட்டுக்குள் அழுந்தி, உப்பு பட்டதும் துருவாகப் பூத்துவிட்டது. மொத்தச் சிற்பத்தையும் சாரம் கட்டிக் கையால் துடைத்து, அமிலப் பசை தடவிக் கழுவ என் கைக்காசு போனது.

அதிலிருந்து என் பட்டறையில் எவர்சில்வர் வேலைக்குத் தனி மேசை, தனிச் சக்கரம், தனி பிரஷ். பிடியில் நீலப் பெயின்ட். இரும்பு வேலை நடக்கும் நாளில் எவர்சில்வரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். தூக்குவதற்குச் சங்கிலி கிடையாது, நைலான் பட்டைதான்.

வெல்டிங் ஆர்கான் முறையில், 316எல் கம்பியோடு. இந்த எஃகு இரும்பைவிட அதிகம் விரியும். சூட்டை வேகமாகக் கடத்தவும் செய்யாது. ஒரே மூச்சில் நீளமாக ஓட்டினால் தகடு அப்பளம் போல உப்பிவிடும். எங்கள் மேஸ்திரி அண்ணன் ஒரு விரல் நீளம் ஓட்டுவார், எதிர்ப் பக்கம் போவார், ஒரு விரல் நீளம், மறுபடி இந்தப் பக்கம். நடுவே கையைத் தகட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். கை தாங்கவில்லை என்றால் தேநீர் நேரம். இந்த ஒழுங்குக்குப் பொறுமை இல்லாதவர்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். உப்பிய தகட்டை யாராலும் முழுதாகத் திருப்ப முடியாது.

வெல்டிங் ஓரத்தில் நீலமும் பொன்னுமாக ஒரு நிறம் ஏறும். பார்க்க அழகு, ஆனால் அரிப்பு தொடங்குவது அங்கேதான்; எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும் பசையில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கும். பின்னது தோல் வழியே எலும்பு வரை போகும். தடித்த கையுறை, முகக்கவசம், பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இல்லாமல் டப்பாவைத் திறக்கக்கூடாது. கழுவிய நீரைச் சுண்ணாம்பால் முறித்து, உரியபடி கழிவாகக் கொடுங்கள். சாக்கடையில் விட்டால் எண்ணூர்க் கழிமுகத்தின் பாவத்தில் நமக்கும் பங்கு வரும்.

உள்ளே வெற்றிடம் உள்ள ஆப்புகளில் எவ்வளவு மூடினாலும் ஈரம் சேரும். மிகத் தாழ்ந்த மூலையில் 12 மில்லிமீட்டர் துளை ஒன்று, அதற்கு எவர்சில்வர் வலை. வலை இல்லாவிட்டால் குளவி குடிவந்துவிடும், அனுபவம்.

ஏழாம் படி: அனுமதியும் நிறுத்துவதும்

காகித வேலையைக் கடைசியில் எழுதுகிறேன். நீங்கள் மாதிரி தயாரான அன்றே தொடங்குங்கள். நிலைய எல்லைக்குள் என்றால் மெட்ரோ நிறுவனம், நடைபாதை என்றால் மாநகராட்சி, இரவில் கிரேன் நிறுத்தப் போக்குவரத்துப் போலீஸ். தீயணைப்பு வழி, தளம் தாங்கும் எடை, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சென்னை மெட்ரோவின் மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். மேம்பாலத்துக்கு அருகில் கிரேன் கையை நீட்டும் வேலை, சேவை முடிந்த பிறகு, மெட்ரோ ஊழியர் எழுத்தில் அனுமதித்த நேரத்துக்குள் மட்டும். கடைசி ரயில் பதினொரு மணி வாக்கில். காலை ஐந்துக்கு மறுபடி தொடங்கிவிடும். கையில் இருப்பது நாலு மணி நேரம் என்றுதான் திட்டமிட வேண்டும். சிற்பத்துக்குத் தனி எர்த் இணைப்பும் வேண்டும். அது எங்கே, எப்படி என்பதை அவர்களுடைய மின்பொறியாளர் சொல்வார்.

அந்த நாலு மணி நேரத்தில் தகராறு செய்வது பெரும்பாலும் ஆங்கர் போல்ட், சிற்பத்தைக் கான்கிரீட்டோடு பிடித்து நிறுத்தும் போல்ட். கான்கிரீட் போடும் முன் போல்ட்டுகளை எஃகு டெம்ப்ளேட்டில் பூட்டி, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருப்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டும் 316 ஆகவே இருக்கட்டும். எவர்சில்வர் நட்டு எவர்சில்வர் போல்ட்டில் இறுகும்போது திடீரென்று பற்றிக்கொண்டு நகராமல் நின்றுவிடும்; அதற்கான பசையைத் தடவாமல் ஒரு நட்டையும் சுற்றாதீர்கள். நள்ளிரவு ஒன்றரை மணிக்கு, கிரேனில் 600 கிலோ தொங்கிக்கொண்டிருக்க, நட்டு பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அடித்தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே சுருங்காத கிரௌட் (இடைவெளியை நிரப்பும் கலவை) 30 மில்லிமீட்டர். அதன் மேல் விளிம்பு வெளிப்பக்கம் சரியட்டும்.

எட்டாம் படி: ஒப்படைத்த பிறகு

சிற்பத்தோடு ஒரு பக்கக் குறிப்பும் ஒப்படையுங்கள், தமிழில், பெரிய எழுத்தில், லேமினேட் செய்து. அதைப் படிக்கப்போவது காலையில் வாசலைக் கழுவுகிற அம்மா. தரைக்கு ஊற்றுகிற ஆசிட் சிற்பத்தின் மேல் ஒரு துளி படக்கூடாது. அதிலிருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், 316-ஐயும் தின்னும். இரும்பு நார் போட்டுத் தேய்க்கக்கூடாது. கழுவக் குடிநீர் வாரியத் தண்ணீர் மட்டும். உப்பு ஏறிய போர்வெல் தண்ணீரில் கழுவினால் கழுவாமல் விட்டதே மேல். மாதம் ஒரு முறை நீர்த்த சோப்பு, மெல்லிய துணி, மேலிருந்து கீழாக இழைத் திசையில். மேம்பால நிழலில் மழை படாத பகுதிக்கு மாதம் இரண்டு முறை.

போஸ்டர் ஒட்டுவார்கள், அதற்கும் ஒரு வரி எழுதுங்கள்: வெந்நீரில் ஊறவைத்து மரக்கரண்டியால் எடுக்கவும், கத்தி கூடாது.

ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நீங்களே போய் நட்டுகளைச் சோதியுங்கள், வடிகால் துளையில் கம்பி விட்டுப் பாருங்கள். வரைபடங்களின் பிரதி, தகட்டுச் சான்றிதழ், அதே ஹீட் நம்பரில் ஓரடிச் சதுரத் தகடு ஒன்று, இவை மூன்றையும் ஒரு பையில் போட்டு நிலைய அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். இன்னொரு பை உங்கள் பட்டறைப் பரணில் இருக்கட்டும்.